கழற்றும் முன் அளந்து காட்டும் கராஜ்: பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய கொரோலாவின் கூலன்ட் கசிவு

மருதானையிலிருந்து பஞ்சிகாவத்தைச் சந்தியை நோக்கிச் செல்லும்போது, உதிரிப்பாகக் கடைகளின் வரிசைக்குப் பின்னால் வளைந்து செல்லும் ஒழுங்கையொன்றில், பெயர்ப்பலகை இல்லாத சிறிய கராஜ் ஒன்று இருக்கிறது. அங்கே மூன்று வாகனங்கள் நின்றால் நான்காவது வாகனத்துக்கு இடமில்லை. எனது டொயோட்டா கொரோலா 110 காரின் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவை அங்கேதான் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் ஒரு கராஜை எதைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன்னர், அந்தப் பாகம்தான் பழுதடைந்திருக்கிறது என்பதை வாகன உரிமையாளரின் கண்முன்னே அளந்து காட்ட வேண்டும். இந்தக் கராஜ் அதைச் செய்கிறது என்பதாலேயே இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

கொரோலா 110 ஜப்பானில் 1995ஆம் ஆண்டு அறிமுகமான வாகனம். என்னிடம் இருப்பது 1498 சிசி கொள்ளளவுள்ள 5ஏ-எஃப்ஈ பெற்றோல் எஞ்சின் பூட்டப்பட்டது. இலங்கையில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்னரும் வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்த நகரத்தின் வீதிகளில் கால் நூற்றாண்டைக் கடந்த கொரோலாக்களும் சன்னிகளும் லான்சர்களும் இன்னும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றின் எஞ்சின் உலோகம் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியது. ஆனால் அந்த உலோகத்தைக் குளிர்வித்துக் காக்கும் இறப்பர்க் குழாய்களுக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளுக்கும் சீல்களுக்கும் அத்தகைய ஆயுள் கிடையாது. பழைய வாகனத்தைக் கொல்வது பெரும்பாலும் இந்தச் சிறிய பாகங்களின் வழியாக நிகழும் நீரிழப்புத்தான்.

என் வாகனத்தில் குறை தெரிந்த விதம் பலருக்கும் பழக்கமானதாக இருக்கும். ரிசர்வ் தாங்கியில் கூலன்டின் மட்டம் மெல்ல மெல்லக் கீழிறங்கியது. ஆனால் வாகனம் நின்ற இடத்தில் தரையில் ஈரமே இல்லை. மாலை நேர நெரிசலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை காலி வீதியில் ஊர்ந்து செல்லும்போது மட்டும் வெப்பமானியின் முள் நடுவிலிருந்து சற்று மேலேறும். வாகனம் ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலத்து வாகனங்களின் வெப்பமானி, நீர் குறைந்துவிட்டால் நம்பத்தகுந்த கருவி ஆகாது. வெப்பத்தை உணரும் முனை திரவத்தில் அமிழ்ந்திருக்கும் வரைதான் அது உண்மையைச் சொல்லும். மட்டம் அதற்குக் கீழே போய், முனை நீராவியிலோ வெற்றிடத்திலோ நின்றுவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் அமைதியாக நடுவில் நிற்கக்கூடும். முள் மேலேறவில்லை என்பதைக் கொண்டு மட்டும் மனம் ஆறுதல் அடையக்கூடாது.

பஞ்சிகாவத்தைக்கு வருவதற்கு முன்னர் வேறொரு கராஜில் வாகனத்தைக் காட்டினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எந்தச் சோதனையும் செய்யாமல், ஹெட் கஸ்கட் (எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி அதன் முகத்தைத் தட்டையாக்கித் தளம் பிடிக்க வேண்டும் என்று அங்கே தீர்ப்புச் சொன்னார்கள். அது வேண்டாமென்றால் கசிவை அடைக்கும் தூளைப் போட்டு ஓடிப் பார்க்கலாம் என்பது அவர்களுடைய மாற்று யோசனை. இந்த இரண்டு யோசனைகளும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தோன்றினாலும், கசிவு எங்கே இருக்கிறது என்று தேடாமல் பணத்தை வாங்குவது என்பதில் இரண்டும் ஒன்றே. ஹெட்டை இறக்குவது பல நாள் வேலை; ஹெட் கஸ்கட், டைமிங் பெல்ட், சீல்கள், இயந்திரப் பட்டறைக் கூலி என்று செலவு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அடைக்கும் தூளோ, கசிவின் சிறு துவாரத்தை அடையாளம் கண்டு அங்கே மட்டும் போய் உட்காருவதில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் ஹீட்டரின் உட்பகுதியிலும் படிந்து, ஏற்கெனவே அடைபடத் தொடங்கியிருக்கும் பழைய ரேடியேட்டரை இன்னும் திணறச் செய்யும். நான் இரண்டையும் மறுத்துவிட்டு வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பஞ்சிகாவத்தைக் கராஜை நடத்துபவர் அறுபதை நெருங்கும் ஒருவர். தமிழிலும் சிங்களத்திலும் ஒரேயளவு சரளமாகப் பேசுகிறார். வருகிற எல்லோரும் அவரைப் பாஸ் என்றே அழைக்கிறார்கள். எஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்னர் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை பிறந்தது. "தம்பி, தண்ணி ஓடும்போது குறையுதா, நிற்பாட்டின பிறகு குறையுதா? காலையில ஸ்டார்ட் பண்ணி ஒண்டு ரெண்டு நிமிசத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா? உள்ளுக்குள்ள இனிப்பு வாசம் வருதா? முன் கார்பெட் ஈரமா இருக்கா?" என்று அவர் வரிசையாகக் கேட்டார்.

இவற்றில் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே, ரேடியேட்டரின் மேற்பகுதிக்குச் செல்லும் மேல் ஹோஸ் இறுகுமானால், வெப்பத்தால் உண்டாகாத அமுக்கம் ஒன்று உள்ளே நுழைகிறது என்று பொருள். அது எரியறையிலிருந்து ஹெட் கஸ்கட் வழியாக வரும் வாயுவாக இருக்கலாம். உள்ளே இனிப்பு வாசமும் ஈரமான கார்பெட்டும் இருந்தால், டாஷ்போர்டின் பின்னால் உள்ள ஹீட்டரின் உட்பகுதி கசிகிறது என்று பொருள். கொழும்பில் ஹீட்டரை யாரும் பாவிப்பதில்லை என்பதால் அப்படியொன்று வாகனத்தில் இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். ஏசியின் நீரும் இங்கே குழப்பத்தை உண்டாக்கும். நமது ஈரப்பதமான காலநிலையில் ஏசியிலிருந்து தரையில் சொட்டும் நீர் சாதாரணமானது. விரலால் தொட்டுப் பார்த்தால் அது நிறமும் வாசமும் வழுவழுப்பும் இல்லாத வெறும் நீராக இருக்கும். கூலன்டோ எண்ணெய் தொட்டது போல விரலில் வழுக்கும். காய்ந்த இடத்தில் நிறமுள்ள தடத்தை விடும்.

கேள்விகள் முடிந்ததும் அவர் வாகனத்தை அங்கேயே விட்டுச் செல்லச் சொன்னார். எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்த பின்னர்தான் ரேடியேட்டர் மூடியைத் திறப்பேன் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநிலைக்கு மேல் இருக்கும் திரவம் ஒரே கணத்தில் நீராவியாகிச் சீறும். முகத்திலும் கையிலும் ஆழமான தீக்காயம் உண்டாகும். அவசரப்படும் வாடிக்கையாளருக்கு இந்தக் காத்திருப்புப் பிடிக்காமல் போகலாம். ஆனால் சோதனையின் பயன் கருதியும் அது தேவை, ஏனெனில் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் கசிவு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

முதலில் ரேடியேட்டர் மூடியையே அவர் சோதித்தார். இந்த மூடியில் 0.9 என்று பொறிக்கப்பட்டிருக்கும். சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோகிராம், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13 இறாத்தல் அமுக்கம் வரை அது தாங்கி நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த அமுக்கத்தில் வெறும் நீர்கூட 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ் வரை திரவமாகவே இருக்கும். கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே போகும். மூடியின் இறப்பர் வளையம் காய்ந்து வெடித்து, சுருள்வில் தளர்ந்துவிட்டால், இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். நெரிசலில் திரவம் முன்கூட்டியே கொதித்து, ரிசர்வ் தாங்கியை நிரப்பி, அங்கிருந்து வெளியே வழிந்து ஆவியாகும். எங்கேயும் ஓட்டையே இல்லாமல் நீர் குறைவதற்கு இது ஒரு பொதுவான காரணம். என் வாகனத்தின் மூடி, அதற்குரிய அமுக்கத்தின் பாதியைக்கூடத் தாங்கவில்லை என்பதைப் பாஸ் அமுக்கத்தை ஏற்றி அளக்கும் கைப்பம்பின் மானியில் எனக்குக் காட்டினார்.

பல கராஜ்களில் இந்த இடத்திலேயே வேலை முடிந்திருக்கும்: புதிய மூடியைப் பூட்டி, பணத்தை வாங்கி அனுப்பியிருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. மூடி பழுதடைந்திருப்பது உண்மைதான், ஆனால் வேறு கசிவு இல்லை என்று அதனால் சொல்லிவிட முடியாது என்றார். கைப்பம்பை ரேடியேட்டரின் கழுத்தில் பூட்டி, மூடிக்குரிய அமுக்கம் வரை காற்றை ஏற்றிவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே மற்ற இடங்களைச் சோதிக்கத் தொடங்கினார். முள் உடனே விழவில்லை. தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் மெல்லக் கீழிறங்கியிருந்தது. கசிவு இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது என்பதை அந்தத் தாமதம் சொல்லியது.

அடுத்து வந்த சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. ஹெட் கஸ்கட் போய்விட்டது என்று முந்தைய கராஜில் சொன்னதை நான் அவரிடம் கூறியிருந்தேன். அவர் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ரேடியேட்டரில் இருந்த திரவத்தைச் சிறிதளவு குறைத்துவிட்டு, நீல நிறத் திரவம் கொண்ட கண்ணாடிக் குழலொன்றைக் கழுத்தில் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேற்பகுதியில் இருந்த காற்றை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்சினார். எரியறையின் வாயு கூலன்டுக்குள் கலந்திருந்தால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு அந்த நீலத்தை மஞ்சளாக மாற்றும். நீலம் நீலமாகவே இருந்தது. அவர் அத்துடன் நிற்காமல், எஞ்சின் ஒயில் குச்சியையும் ஒயில் மூடியின் உட்புறத்தையும் பால் போன்ற கலங்கலுக்காகப் பார்த்தார்; சைலன்சரில் இனிப்பு வாசத்துடன் வெண்புகை வருகிறதா என்று பார்த்தார்; ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கில் ஏதாவது ஒன்று மட்டும் நீராவியால் கழுவப்பட்டது போலச் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். எதிலும் அடையாளம் இல்லை. ஹெட்டை இறக்க வேண்டிய தேவை இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தது இவ்வளவுக்கும் பிறகுதான். ஒரு குழல் திரவத்தின் நிறம், எனது குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் காப்பாற்றியது.

பின்னர் வாகனத்தின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார்கள். தரையில் ஏன் ஈரமே இல்லை என்பதற்கு விடை அங்கே இருந்தது. கூலன்டை எஞ்சினுக்குள் சுற்றவைக்கும் வோட்டர் பம்பின் அடிப்பகுதியில் உள்ள சிறு துவாரத்திலிருந்து கீழ்நோக்கி, செம்மை கலந்த வெண்ணிறத்தில், காய்ந்த உப்புப் போன்ற தடம் ஓடியிருந்தது. சொட்டுகள் சூடான உலோகத்திலும் அடித்தட்டிலும் விழுந்து, தரையைத் தொடுவதற்கு முன்னரே ஆவியாகி, நிறத்தை மட்டும் விட்டுச் சென்றிருந்தன. அந்தத் துவாரம் பழுதினால் உண்டானது என்று நினைத்து, ஒட்டுப்பசையால் அடைத்துவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அது உற்பத்தியாளரே வைத்த துவாரம். பம்பின் உள்ளே கூலன்டைத் தடுத்து நிறுத்தும் சீலுக்கும் தண்டைத் தாங்கும் பெயாரிங்கிற்கும் இடையில் அது அமைந்திருக்கிறது. சீல் தேய்ந்ததும், உள்ளே புகும் திரவம் பெயாரிங்கை அரிக்காமல் வெளியேறுவதற்கான வழி அது. உரிமையாளருக்கு முன்னெச்சரிக்கை கொடுப்பதும் அதுவே. அதை அடைத்தால் பெயாரிங் துருப்பிடித்து, பம்பு ஓடும் வீதியில் வைத்தே நின்றுவிடும். பாஸ் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பில் பெல்ட் சுற்றும் சக்கரத்தை என் கையாலேயே அசைத்துப் பார்க்கச் சொன்னார். மெல்லிய ஆட்டம் தெரிந்தது. பம்பு முடிந்துவிட்டது என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

பாகங்களை வாங்கும் விடயத்தில் இந்தக் கராஜின் இருப்பிடமே ஒரு பெரிய வசதி. பாஸ் பாகங்களைத் தானே வாங்கி விலையேற்றி விற்பதில்லை. எந்த எஞ்சினுக்கு, எந்தத் தயாரிப்பு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தந்து, பழைய பாகத்தையும் கையில் கொடுத்து, உதவியாளரை உடன் அனுப்புகிறார். பம்புக்கு ஐசின் அல்லது ஜிஎம்பி தயாரிப்பையே தேடச் சொன்னார். முதலாவது நிறுவனம் டொயோட்டாவுக்கே பாகங்களை வழங்குவது. பெட்டியைப் பார்த்து ஏமாறக்கூடாது, ஏனெனில் அசல் பெட்டியைப் போலவே போலிப் பெட்டியை அச்சடிப்பது எளிது. பம்பின் வார்ப்பு சீராக இருக்கிறதா, பூட்டும் முகம் கீறலின்றித் தட்டையாக இருக்கிறதா, தண்டைக் கையால் சுழற்றும்போது தடையோ கரகரப்போ இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பாகங்கள் பஞ்சிகாவத்தையில் ஏராளமாகக் கிடைக்கும். கதவு, விளக்கு, கியர்பெட்டி போன்றவற்றுக்கு அவற்றை நானும் விரும்புவேன். ஆனால் வோட்டர் பம்பு, தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடான பிறகே கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் அடைப்பான்), ரேடியேட்டர் மூடி ஆகிய மூன்றையும் பாவித்ததாக வாங்குவது வீண். அவற்றில் தேய்வது இறப்பரும் சுருள்வில்லும் சீலும்தான். வெளியே பார்த்து அவற்றின் மிச்ச ஆயுளை எவராலும் சொல்ல முடியாது.

பம்பை மாற்றும் வேலை ஒழுங்காக நடந்தது. இந்த எஞ்சினில் வோட்டர் பம்பைச் சுழற்றுவது வெளியே உள்ள ஓல்டர்னேட்டர் பெல்ட். ஆயினும் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டின் மேல் மூடிகளைத் திறக்க வேண்டியிருக்கிறது. திறந்ததும், கூலன்ட் டைமிங் பெல்ட்டின்மீது தெறித்திருக்கிறதா, பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்பதை எனக்குக் காட்டிவிட்டே மேலே சென்றார். பழைய சீலின் எச்சத்தை எஞ்சினின் முகத்திலிருந்து சுரண்டும்போது உலோகத்தில் கீறல் விழாமல் பொறுமையாகச் செய்தார்கள். சிலிக்கோனை அள்ளிப் பூசவில்லை. அதிகமாகப் பூசிய சிலிக்கோன் உட்புறமாகப் பிதுங்கி, உடைந்து, ரேடியேட்டரின் குழல்களில் போய்த் தங்கும் என்பதை நான் அங்கேதான் கேட்டு அறிந்தேன். ஹோஸ்களில் கிளிப் பூட்டும் இடங்களை அமுக்கிப் பார்த்து, நசுக்கும்போது உள்ளே நொறுங்குவது போன்ற ஒலி கேட்ட கீழ் ஹோஸை மாற்றச் சொன்னார். மேல் ஹோஸ் நன்றாக இருக்கிறது, அதற்குப் பணம் செலவிட வேண்டாம் என்று அவராகவே கூறினார்.

இப்போது இந்தக் கராஜின் வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட பகுதிக்கு வருகிறேன். பம்பும் மூடியும் ஹோஸும் மாற்றிய பிறகு, வாகனத்தைத் தருவதற்கு முன்னர், அவர் மறுபடியும் கைப்பம்பைப் பூட்டி அமுக்கத்தை ஏற்றினார். வேலை தொடங்கும் முன்பே அவர் என்னிடம் சொல்லியிருந்தார்: "பழைய சிஸ்டம் தம்பி. இவ்வளவு நாளும் மூடி பிரஷரைப் பிடிக்கல்ல. இப்ப பிடிக்கும். எங்க பலவீனமோ அங்க அடுத்ததா காட்டும்." அவர் சொன்னதுபோலவே, ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு மடித்துப் பூட்டப்பட்டிருக்கும் விளிம்பில், ஒரு முனையில் ஈரம் துளிர்த்தது. அந்தப் பிளாஸ்டிக் ஏற்கெனவே கறுப்பிலிருந்து பழுப்பு நிறத்துக்கு மாறியிருந்தது. பல ஆண்டுகள் வெப்பத்தில் வெந்து, நெகிழ்வை இழந்து, நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டதன் அடையாளம் அது.

இந்த இடத்தில்தான் பல உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இடையே நம்பிக்கை முறிகிறது. ஒரு பாகத்தை மாற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்ற சில நாள்களில் இன்னொரு இடத்தில் கசியும்போது, வேண்டுமென்றே எதையோ பழுதாக்கிவிட்டார்கள் என்று உரிமையாளர் நினைக்கிறார். உண்மையில், பலவீனமான மூடி அமுக்கத்தைத் தப்பவிட்டுக்கொண்டிருந்ததால் மற்றப் பலவீனங்கள் மறைந்திருந்தன. மூடி சரியானதும் அவை வெளிப்படுகின்றன. இதை முன்கூட்டியே சொல்லி, இரண்டாவது சோதனையைத் தனது கராஜிலேயே செய்து, பலவீனத்தை வீதியில் வெளிப்பட விடாமல் பட்டறையிலேயே வெளிப்படுத்துகிற மெக்கானிக்கை நான் கொழும்பில் இதற்கு முன் சந்தித்ததில்லை. இரண்டாவது சோதனை இல்லாத கூலன்ட் வேலை முடிந்த வேலை ஆகாது என்றே இப்போது நான் கருதுகிறேன்.

ரேடியேட்டர் பற்றிய முடிவை அவர் என்னிடமே விட்டார். முற்காலத்துப் பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஈயப் பற்றுவைத்துத் திருத்திவிடலாம். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் அந்த வழி இல்லை. பசை பூசினால் சில வாரங்கள் தாங்கும், பிறகு ஒரே முறையில் பிளந்து முழுத் திரவமும் கொட்டும். தொட்டியை மட்டும் மாற்றிக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ஆனால் உட்பகுதியும் அதே வயதுடையது என்பதால், முழு ரேடியேட்டரையும் மாற்றுவதையே நான் தெரிவு செய்தேன். ஜப்பானின் அசல் தயாரிப்புக்கும் மற்ற நாடுகளிலிருந்து வரும் தயாரிப்புகளுக்கும் விலை வேறுபாடு பெரிது. நான் வாங்கியது நடுத்தர விலையில் கிடைத்த ஒன்று. அதன் உட்பகுதியின் தடிப்பைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பூட்டினார்கள். மலிவான சில தயாரிப்புகள் வெளி அளவில் சரியாகப் பொருந்தினாலும் தடிப்பில் குறைந்திருப்பதால், நெரிசலில் வெப்பத்தை வெளியேற்றத் திணறும். ஓட்டோ கியர் வாகனம் என்பதால் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய்களும் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் செல்கின்றன. அவற்றின் இணைப்புகளைத் தனியாகச் சோதித்து, கியர் ஒயில் மட்டத்தையும் சரிபார்த்தார்கள்.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் எஞ்சின் சூடேறாது என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பாஸ் அதை ஒருபோதும் செய்வதில்லை. என் வாகனத்தின் தேர்மோஸ்டாட்டை ஒரு சட்டி நீரில் வெப்பமானியோடு வைத்துக் காய்ச்சி, 80 முதல் 84 பாகைக்குள் திறக்கத் தொடங்குகிறது என்று பார்த்து, அதையே திருப்பிப் பூட்டினார். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய வெப்பநிலையை அடையத் தாமதமாகும், பெற்றோல் செலவு கூடும், ஒயிலில் ஈரம் தங்கும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரலாம். மின்விசிறியின் சுவிட்ச்சையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்து டொயோட்டாக்களில் அது 93 பாகை அளவில் விசிறியை ஓடவைத்து, 83 பாகைக்குக் கீழ் நிறுத்தும். அதன் வயரைக் கழற்றினால் விசிறி தானாக ஓட வேண்டும். ஓடியது.

கூலன்ட் நிரப்புவதில் காட்டிய அக்கறையையும் குறிப்பிட வேண்டும். நமது நாட்டில் நீர் உறையாது, ஆகவே கூலன்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறைதலைத் தடுப்பது அதன் ஒரு பணி மட்டுமே. அலுமினியம், இரும்பு, பித்தளை ஆகிய உலோகங்கள் ஒரே திரவத்தில் நனைந்திருக்கும் இடத்தில் அரிப்பைத் தடுப்பதும், பம்பின் சீலைக் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்றப் பணிகள். பழைய திரவத்தை முழுவதும் வடித்து, நீர் தெளிவாக வரும் வரை கழுவி, டொயோட்டாவின் சிவப்பு நிறக் கூலன்டைக் காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதியாகக் கலந்து ஊற்றினார்கள். ஹீட்டரின் பிடியைச் சூடு என்ற பக்கத்துக்கு முழுவதும் திருப்பிவிட்டு, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, தேர்மோஸ்டாட் திறந்து விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருந்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள். வடித்த பழைய கூலன்டை வடிகாலில் விடாமல் கலன்களில் சேர்த்து மூடி வைத்தார்கள். எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. ஒழுங்கையில் திரியும் நாய்களும் பூனைகளும் அதை நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து இறக்கும். இதைக் கவனத்தில் கொள்ளும் கராஜ் என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பழுது கண்டறியும் வேலைக்கு அவர் தனியாகப் பணம் வாங்குகிறார். அங்கேயே திருத்தினாலும் அது கழிக்கப்படுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். சிலருக்கு இது மனவருத்தத்தைத் தரலாம், ஏனெனில் பார்ப்பதற்குப் பணம் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. நான் இதை முழுமையாக ஆதரிக்கிறேன். பார்ப்பது இலவசமாக இருக்கும் இடத்தில், மெக்கானிக்கின் வருமானம் முழுவதும் பாகங்களை மாற்றுவதிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. அப்போது தேவையில்லாத பாகமும் மாற்றப்படும். நான் கொடுத்த சோதனைக் கட்டணம் புதிய வோட்டர் பம்பின் விலையில் பாதியைவிடக் குறைவு. கழற்றிய பாகங்கள் அனைத்தையும் ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார்கள்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைக்க மாட்டேன். உட்காருவதற்கு இடம் கிடையாது. பற்றுச்சீட்டு கையால் எழுதப்படுகிறது. அதில் பாகங்களின் விலை தனித்தனியாக இருந்தாலும் கூலி ஒரே தொகையாகவே குறிக்கப்படுகிறது, உத்தரவாதம் எழுத்தில் தரப்படுவதில்லை. அட்டையில் பணம் செலுத்த முடியாது. பாஸ் வேலை செய்யும்போது தொலைபேசியை எடுப்பதில்லை என்பதால், வாகனம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய நேரில்தான் போக வேண்டும். சொன்ன நாளைவிட வேலை தாமதமானது. ரேடியேட்டர் பற்றிய முடிவு இடையில் வந்ததும் அதற்கு ஒரு காரணம், ஆனாலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஹைபிரிட் வாகனங்களை அவர் எடுப்பதில்லை.

வாகனத்தை எடுத்த பின்னர் கண்டிக்குப் போகும் வழியில், முழுக் குடும்பத்தோடும் ஏசியோடும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்தேன். முள் நடுவைவிட்டு அசையவில்லை. மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்த நிலையில் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தபோது திரவம் கழுத்து வரை இருந்தது, ரிசர்வ் தாங்கியின் மட்டமும் குறிக்கோட்டிலேயே இருந்தது. முதல் ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பின்னர், ஹோஸ் கிளிப்புகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை.

அங்கே செல்ல விரும்புகிறவர்கள் ஆமர் வீதிப் பக்கமாக வராமல் மருதானைப் பக்கமாக வருவது நல்லது, காலை ஒன்பது மணிக்குப் பிறகு சுமையிறக்கும் லொறிகளால் அந்த முனை அடைபட்டுவிடும். வாகனத்தை முதல்நாள் மாலையிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டால், இரவில் எஞ்சின் ஆறி, காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அமுக்கச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். வாகனத்தை விடுவதற்கு முன்னர் ரேடியேட்டரிலோ ரிசர்வ் தாங்கியிலோ நீர் ஊற்றி நிரப்ப வேண்டாம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பாஸ் தானே பார்க்க விரும்புகிறார்.